நத்தைக்குச் சிறகு முளைத்த ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணி. என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தைக் கேட்டிருந்தால் அடுத்த வீட்டு கிரைண்டர் வெட்கப்பட்டு நின்றிருக்கும்.

காரணம், ஒரு நத்தை.

பதறாதீர்கள், நிஜ நத்தை இல்லை. (பதறுவது என் டிபார்ட்மென்ட். அதில் யாரும் போட்டிக்கு வரவேண்டாம்.) சீட்டு சைஸ் கார்டில் அச்சடித்த நத்தை. ஈரமான இலை ஒன்றின் மேல் உட்கார்ந்து, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நத்தைக்கு நான் உரம் போட்டிருந்தேன், ஓடு மாற்றியிருந்தேன், கடைசியில் சிறகும் கட்டிவிட்டிருந்தேன். பறக்கத் தயாராக அது மேஜை மேல் இருந்தது.

எதிரே என் நண்பன் ஜமால். செவ்வாய்க்கிழமை காலை திருச்சியில் விமானம் ஏறி ஷார்ஜா போகவேண்டியவன். போனால் திரும்ப ஒன்றரை வருடமாவது ஆகும்.

இந்த நத்தையை அவன் மேல் ஏவுவதா, வேண்டாமா?

கேட்பதற்கு எவ்வளவு சின்ன கேள்வி! அதற்குத்தான் ஐம்பத்து மூன்று வயது ஆசாமி ஒருவர், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து வியர்த்துக் கொட்டினார். ஒருமுறை பாத்ரூம் வேறு போய் வந்தார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்... வாரா வாரம் இந்தப் பக்கத்தில் அவர் மானம் போவதைத்தானே படிக்கிறீர்கள்.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

ஜமால் மீமிசல்காரன், கடற்கரை ஊர். அறந்தாங்கி பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. இருபத்தாறு வருடமாக ஷார்ஜாவில் ஒரு குடோனில் வேலை. லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு அத்தர் பாட்டில், தைலம், பால் பவுடர் என்று ஒரு பை வரும். இந்த முறை ஒரு பெரிய பிஸ்கட் டின் மட்டும் வந்தது. ஆசையாகத் திறந்தால் பிஸ்கட் இல்லை. உள்ளே கட்டுக்கட்டாகக் கார்டு.

அவன் ரூமில் கூட இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர், வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். வெள்ளிக்கிழமை லீவில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டிலைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆடுவார்களாம். அந்த நாலில் மூன்று பேர் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“கார்டு இருக்கு மாப்ள... கைதான் இல்ல” என்றான் ஜமால்.

கை எங்கள் வீட்டில் இருந்தது. நான் ஒன்று. என் மனைவி வசந்தி இரண்டு. தபால் ஆபீஸில் முத்திரை குத்திக் குத்தி உரமேறிய கை அது. மூன்றாவது, மாடியில் குடியிருக்கும் பிலோமினா டீச்சர். ஆவூர்க்காரர், இங்கே அறந்தாங்கியில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறார். ஞாயிறு காலை மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு வந்தால், மதியம் முழுக்க ஃப்ரீ. நாலாவது ஜமால். மீமிசலிலிருந்து பஸ் பிடித்து, கையில் ஒரு பை மீனோடு வந்துவிடுவான். மதியம் அந்த மீன் குழம்பாகும். குழம்பு முடிந்ததும் போர்.

விளையாட்டை இரண்டு பாராவில் சொல்லிவிடுகிறேன். ஜமால் எனக்குச் சொல்லிப் புரியவைக்க இரண்டு வாரம் ஆனது. நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

ஒவ்வொருவருக்கும் இருபது உயிர். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பொறுக்கிச் சேர்த்த அறுபது கார்டு கொண்ட ஒரு கட்டு. கார்டுகளில் சில பிராணிகள்... பாம்பு, பருந்து, சிங்கம், பெயர் தெரியாத ஜந்துக்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அடிக்கும், எவ்வளவு தாங்கும் என்று எண் போட்டிருக்கும். மற்றவை மந்திர கார்டுகள். சில எதிராளியின் பிராணியைக் கொல்லும். சில நம் பிராணியை வளர்க்கும். மந்திர கார்டை அடுத்தவர் முறையின் நடுவிலும் போடலாம். நம் முறை வரும்போது, எதிரே இருக்கும் மூன்று பேரில் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். உயிர் தீர்ந்தவர் அவுட். கடைசிவரை மிஞ்சுகிறவர் ஜெயித்தவர்.

இதில் வசந்தி ஒரு வீட்டுச் சட்டம் சேர்த்தாள். முதலில் அவுட் ஆகிறவர் எழுந்து போய் நாலு பேருக்கும் டீ போடவேண்டும். மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடருவார்கள். எழுதி வைக்காத சட்டம்தான். எங்கள் வீட்டில் சட்டத்தை எழுதிவைக்கிற வழக்கம் கிடையாது. வசந்தி ஒருமுறை சொன்னால் போதும்.

டின்னைக் கவிழ்த்து அவரவர் கட்டைச் சேர்த்த அந்த முதல் நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒருவர் பொறுக்கும் கார்டைப் பார்த்தே ஜாதகம் சொல்லிவிடலாம். வசந்தி கொல்லும் கார்டாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். பிலோமினா டீச்சர் எண்களை மட்டும் பார்த்தார். படத்தைப் பார்க்கவே இல்லை. ஜமால் அலை, சுறா, திருக்கை, நண்டு என்று கடலாகச் சேர்த்தான். நான்?

நான் வளர்க்கும் கார்டுகளை எடுத்தேன்.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்தப் படங்கள் அப்படி. ஒரு கார்டில் காலை வெயில் மட்டும். ஒன்றில் மழை நின்ற பிறகு புல். ஒன்றில் ஒரு பிராணியின் நிழல், அந்தப் பிராணியைவிடப் பெரிதாக மலை மேல் விழுந்திருக்கும். கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படியே கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விடலாம்.

போய்விட்டேன். அந்த வாரம் முழுக்க ஆபீஸில் ஃபைலைத் திறந்தால் உள்ளே புல் முளைத்தது. ஆவுடையார்கோவிலுக்கு ஒரு வேலையாகப் போனவன், கோயிலில் அந்தக் கல் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லையே கயிறாகவும் கம்பியாகவும் இழைத்து வைத்திருக்கிறார்களே, அதன் விளிம்பில் ஒரு நத்தை ஊர்ந்து வந்தது. ஒரு தூண் உயரம். அவசரமே இல்லாமல் கொம்பை நீட்டி என்னைப் பார்த்தது. பிறகு தூணைச் சுற்றி ஒரு வெள்ளிக்கோடு போட்டுக்கொண்டு இறங்கிப் போனது. பின்னால் நின்றவர், “சார், கொஞ்சம் நகந்துக்கங்க” என்றதும்தான் நான் இந்த உலகத்துக்குத் திரும்பினேன்.

கட்டு தயார். முதல் ஆட்டம். கையில் ஏழு கார்டு. வெயில், மழை, புல், நிழல், உரம், சிறகு, இன்னொரு வெயில்.

பிராணி ஒன்றுகூட இல்லை.

அடுத்த கார்டு எடுத்தேன். மழை. அடுத்தது... இன்னொரு சிறகு. எதிரே சுறாவும் சிங்கமும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. நான் பருவமழை அறிக்கை வாசிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கை வியர்த்து கார்டு ஒட்டிக்கொள்கிறது. கட்டுக்குள் எத்தனை பிராணி வைத்திருக்கிறேன் என்று டீச்சர் கேட்டார்.

நாலு, என்றேன்.

அறுபதில் நாலா, என்றார். கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போட்டவனைப் பார்க்கிற அதே பார்வை.

வசந்திதான் சரியாகச் சொன்னாள். “கல்யாண மண்டபத்துக்கு அம்பது மால வந்து எறங்கிருச்சு டீச்சர். மாப்பிள்ளதான் இன்னும் வரல.”

அன்று டீ என்னுடையது. சொல்லவேண்டுமா?

வாழ்க்கை முழுக்க நான் செய்த தப்பு இதுதானோ என்று பால் பொங்கும்வரை யோசித்தேன். வாக்கிங் போக ஷூ வாங்கினேன், தொப்பி வாங்கினேன், தண்ணீர் பாட்டில்கூட வாங்கினேன். வாக்கிங் மட்டும் போகவில்லை. உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு பரணில் இப்படி மாப்பிள்ளை வராத மாலைகள் இருக்கும். இல்லையென்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

அடுத்த வாரம் கட்டைப் பிரித்துச் சேர்த்தேன். இருபத்திரண்டு பிராணி, மீதி வளர்ப்பு. பிராணிகளில் எல்லாம் கடைசியில் கிடந்தது அந்த நத்தை. அடி ஒன்று, தாங்குதல் ஒன்று. டின்னுக்குள்ளேயே அதைவிட அற்பமான ஜீவன் கிடையாது. அதனால்தான் எடுத்தேன்.

இப்போது ஆட்டம் நடந்தது. நத்தை இறங்கியது. உரம் போட்டேன், ஐந்தானது. வெயில் காட்டினேன், எட்டானது. ஆஹா... அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது? எண் ஏற ஏற, மேஜை விரிப்பு கண்மாய்க் கரையாக மாறியது. நத்தை கரைக்கும் மேலே எழும்பி நின்றது. அதன் ஓட்டில் வெயில் பட்டு, பனைமரங்களுக்கு நடுவில் இன்னொரு சூரியன்...

“என்னங்க, அடிக்கிறீங்களா இல்லையா?” என்றாள் வசந்தி.

அடிக்கவில்லை. பயம். அடிக்க அனுப்பி, யாராவது ஏதாவது பண்ணிவிட்டால்? இன்னும் ஒரு சுற்று வளரட்டும் என்றேன். அடுத்த முறையும் அதையே சொன்னேன். வளர்ப்பவனுக்கு இருக்கிற வியாதி இது. வளர்க்கும் மும்முரத்தில், எதற்காக வளர்த்தோம் என்பது மறந்துபோகும். பத்து எண்ணாகி நத்தை ஜொலித்துக்கொண்டிருக்கும்போது வசந்தி ஒரே ஒரு கார்டைப் போட்டாள். கொல்லும் கார்டு. நத்தை போனது. அதோடு என் வெயில், மழை, உரம் எல்லாம் போனது.

“சட்டியில போட்டாச்சு” என்றாள்.

முப்பது வருடத் தாம்பத்யம்!

இப்படியே ஐந்து ஞாயிறு ஓடியது. அதில் நாலு வாரம் டீ போட்டது நான். ஒரே ஒரு வாரம், இரண்டாவது ஞாயிறு, முதலில் அவுட் ஆனவன் ஜமால். டீச்சரின் சிங்கம் அடித்துவிட்டது. ஜமால் எழுந்தான். அதற்குள் வசந்தி எழுந்துவிட்டாள். நீங்கள் உட்காருங்கள் அண்ணே, லீவில் வந்த இடத்தில் அடுப்படிக்குப் போவதா என்று சொல்லி அவளே டீ போட்டுக் கொண்டுவந்தாள். டீச்சருக்கு முகமே சரியில்லை. மாடிப்படி ஏறும்போது, பாவம், ஊருக்கு வந்த மனுஷரைப் போய் அடித்துவிட்டேனே என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு ஜமால் அவுட் ஆகவே இல்லை. மூன்று வாரமும் அவன்தான் ஜெயித்தான். இருபத்தாறு வருட வெள்ளிக்கிழமை அனுபவம், சும்மாவா என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

மக்குப் பிளாஸ்திரி என்றால் நான்தான்.

போன ஞாயிறு. கடைசி ஞாயிறு. ஜமால் பை நிறைய நண்டோடு வந்தான். சாப்பிடும்போது யாரும் பயணத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதில்தான் எவ்வளவு சத்தம்! நண்டு ஓடு உடையும் சத்தம் மட்டும் கேட்டது. வசந்தி அவன் தட்டில் மூன்றாவது தடவையாகக் குழம்பு ஊற்றினாள். தட்டைக் கழுவ எழுந்தவனிடமிருந்து டீச்சர் தட்டைப் பிடுங்கிக்கொண்டார். நான் என் பங்குக்கு அவன் கையில் துண்டைக் கொடுத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே தென்னை ஓலை அசையாமல் நின்றது. மதியத்தூக்கத்தில் தெருவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. என் கைக்கு முதலிலேயே நத்தை வந்துவிட்டது. உரம். அடி ஐந்து. அடுத்த முறை புது ஓடு. அடி பத்து. அப்புறம் சிறகு... சிறகு வந்தால் தரையில் நிற்கும் எந்தப் பிராணியாலும் தடுக்க முடியாது.

வசந்தி என்னை அடித்தாள். டீச்சர் வசந்தியை அடித்தார். வசந்தி டீச்சரை அடித்தாள். ஜமால் எல்லோரையும் அடித்தான். ஒரு கட்டத்தில் நான் உயிர்க்கணக்கைப் பார்த்தேன். வசந்திக்கு ஒன்பது. டீச்சருக்கு ஆறு. எனக்கு நாலு.

ஜமாலுக்கு இருபது.

இருபது! ஒரு கீறல்கூட இல்லை. அவன் முன்னால் சுறா, திருக்கை, இரண்டு நண்டு. அடுத்தது அவன் முறை. வந்தால் நான் காலி. மறுபடியும் டீ. என் கையில் மூன்று கார்டு இருந்தது. ஒன்று, ‘இரட்டிப்பு’. போட்டால் இந்த ஒரு அடிக்கு மட்டும் நத்தையின் பலம் இரண்டு மடங்காகும். பத்தும் பத்தும்... இருபது.

சரியாக இருபது.

விரல் விட்டு மூன்று தடவை எண்ணினேன். கணக்கு மாறவில்லை. ஜமாலை ஒரே அடியில் வெளியேற்றலாம். வேறு எந்தப் புத்திசாலியும் அதைத்தான் செய்வான். அப்போதுதான் நான் பாத்ரூம் போனது.

கண்ணாடியில் ஒரு வியர்த்த முகம் தெரிந்தது. அடேய், நாளை மறுநாள் விமானம் ஏறுகிறவனைக் கடைசி ஆட்டத்தில் முதல் ஆளாக வெளியே அனுப்புவாயா? அவன் எழுந்து நிற்பான், வசந்தி பதறி ஓடுவாள், எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடிப்போம். இந்த நினைப்போடா அவன் போகவேண்டும்? முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன்.

“நத்தை அடிக்குது” என்றேன். “டீச்சரை.”

டீச்சர் பெருமூச்சு விட்டார். வருத்தப் பெருமூச்சு இல்லை... நிம்மதி. வசந்தியின் தோள் இறங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மட்டும் இல்லை. மூன்று பேருமே மூன்று வாரமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஜமால் ஜெயிக்கவில்லை, நாங்கள் அவனை ஜெயிக்க வைத்துக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு முன்னாலேயே அது புரிந்த ஒருவன் அங்கே இருந்தான்.

ஜமால் கையிலிருந்த கார்டுகளைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தான். கோபமாக இல்லை. சாப்பிட்டு முடித்த இலையை மூடுகிற மாதிரி.

“மாப்ள, ஒண்ணு கேக்கவா?”

கேளு, என்றேன்.

“நா வந்து நாப்பது நாளாச்சு. வீட்ல ஒரு தட்டு கழுவ விடல. மீன் வாங்கப் போறேன்னா, நீங்க எதுக்கு வாப்பா, நா போறேங்கிறான் மகன். பள்ளிவாசல்ல முன்னாடி எடம் விட்டு உக்கார வைக்கிறாங்க. எங்கிட்டுப் போனாலும் எப்ப வந்தீங்க, எப்பப் பயணம்... இந்த ரெண்டு கேள்விதான். அங்கிட்டுப் போனா நா வெளிநாட்டு ஆளு. இங்கிட்டு வந்தா விருந்தாளி.”

தென்னை ஓலை இப்போதுதான் லேசாக அசைந்தது.

“இங்க ஒரு எடத்துலதான் நாலு பேரு என்னைய அடிப்பாங்கன்னு பஸ்ஸு ஏறி வந்தேன். ரெண்டாவது வாரம் டீச்சர் அடிச்சாங்கல்ல, அன்னைக்கி பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே போனேன். அதுக்கப்புறம் நீங்களும் எனக்கு மாலையப் போட்டு உக்கார வச்சுட்டீங்க.”

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். வசந்தி மேஜை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

எனக்கோ ஓடிவிடலாம் போல இருந்தது. பதறுகிறவனுக்கு உலகத்தில் மிகக் கஷ்டமான காரியம் என்ன தெரியுமா? கேட்டது புரிந்த பிறகு உட்கார்ந்திருப்பது. நான் நத்தையைப் பார்த்தேன். நத்தை எப்போதும்போல எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

“நத்தை டீச்சரை அடிக்கல” என்றேன். “ஒன்னைய அடிக்குது.”

ஜமால் கவிழ்த்த கார்டுகளை மெதுவாகத் திரும்ப எடுத்தான். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவன் கொண்டுவந்த எந்தப் பரிசைப் பிரிக்கும்போதும் நான் பார்த்ததில்லை.

“எத்தன?” என்றான்.

“பத்து. சிறகோட.”

“மீமிசல்காரன்கிட்ட நத்தையப் பறக்க விடுறியா?” என்றபடி ஒரு கார்டை வீசினான். ‘உப்பு அலை’. நத்தையின் மேல் கடல் வந்து விழுந்தது. மூன்று எண் கரைந்து ஏழானது. பாவி, விட்டுக்கொடுக்கவே இல்லை! இப்போது இரட்டித்தால் பதினாலுதான். ஆறு உயிரோடு உட்கார்ந்திருப்பான். அடுத்த முறை என் கதை முடியும்.

பதறிய பதற்றத்தில் கார்டுகள் தரையில் விழுந்தன. குனிந்து பொறுக்கினேன். மேஜைக்கு அடியில் நாலு பேரின் கால்கள். ஜமாலின் கால் மட்டும் பள்ளிக்கூடப் பெஞ்சில் ஆட்டிக்கொண்டிருந்த மாதிரியே ஆடிக்கொண்டிருந்தது. கையில் முதலில் தட்டுப்பட்டது காலை வெயில்.

வெயில் மூன்று எண் தரும்.

“உப்பு காஞ்சிருச்சு” என்று அதைப் போட்டேன். மறுபடியும் பத்து. அதன் மேல் இரட்டிப்பு.

அப்புறம் கொஞ்ச நேரம் நான் அங்கே இல்லை. நத்தை எழும்பியது. வசந்தி, டீச்சர், தண்ணீர்ச் செம்பு, கவிழ்த்த பிஸ்கட் டின் எல்லாம் கீழே சின்னதாகப் போயின. ஜன்னல் வழியாக வெளியே போனது. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டின் மேலே அதன் நிழல் மெல்ல நகர்ந்தது. மோர் விற்கிறவர் மழை வருகிறதோ என்று அண்ணாந்து பார்த்தார். கண்மாய்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்து மூடின. ஆவுடையார்கோவில் கோபுரத்தைச் சுற்றி ஒரு வளையம். பிறகு தெற்கே, உப்புக்காற்று வருகிற திசையில், படகுகள் கரையேறிப் படுத்திருக்கும் கடற்கரைவரை. அவசரமே இல்லை. எவ்வளவு பெரிதானாலும் நத்தை நத்தைதானே. வெள்ளியில் ஒரு கோடு, வீட்டிலிருந்து கடல்வரை, வானத்தில் கிடந்தது. பஸ் ரூட் மாதிரி.

“இருபது” என்றார் டீச்சர், சரிபார்த்துவிட்டு. “கரெக்ட். ஜமால் சார் அவுட்.”

முதல் ஆளாக!

ஜமால் எழுந்தான். பழக்கதோஷம், வசந்தியும் பாதி எழுந்துவிட்டாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். வசந்தி உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு தன் முறையை எடுத்து, கொல்லும் கார்டைப் போட்டு என் நத்தையைச் சட்டிக்கு அனுப்பினாள். உணர்ச்சிவசப்பட்ட நேரத்திலும் கடமை தவறாதவள். இரண்டு சுற்றில் என்னையும் டீச்சரையும் முடித்து அவளே ஜெயித்தாள். அந்தத் துயரம் இங்கே வேண்டாம்.

உள்ளே பாத்திரம் உருண்டது. எதையோ திறந்து மூடும் சத்தம்.

“தங்கச்சி, சீனி எங்க இருக்கு?”

வசந்தி ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். எழுந்து ஓடத் துடிக்கும் இரண்டு காலையும் நாற்காலியின் காலோடு பின்னிக்கொண்டு சொன்னாள்.

“தேடுங்கண்ணே. எனக்கென்ன தெரியும்.”

தேடினான். நன்றாகவே தேடினான். கடுகு, வெந்தயம், போன வருடத்து வடகம் எல்லாம் வெளியே வந்த சத்தம் கேட்டது. கால் மணி நேரம் கழித்து, தட்டில் நாலு டம்ளரோடு வந்தான். நெற்றியில் வியர்வை. சட்டையில் டீத்தூள். நடையில் அப்படி ஒரு ஜம்பம்.

வாயில் வைத்தோம். ஏலக்காய் ஒரு பக்கம் மிதக்க, பாகு காய்ச்சிய மாதிரி இருந்தது. டீச்சர் நாசூக்காக விழுங்கினார். வசந்தி, நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுப்பது தெரிந்தது. ஜமால் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றான்... காத்துக்கொண்டு.

வாழ்நாளில் முதன்முறையாகப் பதறாமல் ஒரு காரியம் செய்தேன்.

“மச்சான்” என்றேன், “டீ கேவலமா இருக்கு.”

அவன் சிரித்த சிரிப்பில் தெரு முழித்துக்கொண்டது. அடுத்த வீட்டு கிரைண்டர்கூட நின்றுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சிரித்துச் சிரித்து நாற்காலியில் சரிந்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வையுங்க.”

கழுவி வைத்தது நான்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் போய்விட்டான். பிஸ்கட் டின்னை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டான். ஆனால் நேற்று என் கட்டை எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தொன்பது கார்டுதான் இருக்கிறது. எந்தக் கார்டைக் காணோம் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கேட்டதற்கு போனில் ஒரு வார்த்தை பேசாமல் சிரிக்கிறான். சிறகு இருக்கிறதே, எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. எங்கள் வீட்டுச் சீனி டப்பா எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எந்த டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்று இப்போது ஷார்ஜாவில் ஒருவனுக்குத் தெரியும்.